பதினாறு எண்பது வந்தால் நான் தப்பு

ஜனவரி 11

அன்புள்ள வாலுவுக்கு,

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்துவோம் என்பது போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் நிரூபணமாகிவிட்டது. நான்தான் முதலில் போனை வைத்தேன். அதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீ ஆபீசுக்குள் நுழையும்போதே செல்போனை வாசல் லாக்கரில் போட்டுவிடுகிறாய். மேஜை போனில் பேசினால் ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகிறது. நீ வீடு திரும்பும்போது இந்த ஊர்க் கடிகாரப்படி நான் தூங்கி எழுந்திருக்கவே மாட்டேன். அதனால் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது என்பது கூடுதல் வசதி.

நான்காவது இடமும் கையை விரித்துவிட்டது. இந்த முறை என்னைக் கேள்வி கேட்டவனுக்கு இருபத்தாறு வயது இருக்கும். வங்கியின் டீலிங் ரூமில் பதினைந்து வருடம் டாலர் வாங்கி விற்றிருக்கிறேன் என்றேன். அதற்கு அவன், ‘வாடிக்கையாளர் சொன்னதை வாங்கினீங்க, சொன்னதை வித்தீங்க. உங்க சொந்தக் கருத்துக்கு எப்பவாவது பணம் வச்சிருக்கீங்களா?’ என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டான். நான் தண்ணீர் குடித்தேன். ஒரு டம்ளர் முழுவதும் குடித்தேன்.

நான் எந்த வேலைக்கு இப்படி அலைகிறேன் என்று அம்மா கேட்டாள். மேக்ரோ ஃபண்ட் என்றால் என்ன என்று விளக்கினேன். எந்த நாட்டில் வட்டி ஏறும், எந்த நாணயம் விழும், எண்ணெய் என்ன ஆகும் என்று யோசித்து, அதன்மேல் பெரிய பணத்தைப் பந்தயம் கட்டுகிறவர்கள் என்றேன். சூதாட்டமா என்றாள். வாலு ஆறு வருடமாக அதைத்தானே செய்கிறாள் என்றேன். ‘அவ விஷயம் வேறடா’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். உன் விஷயம் எப்போதும் வேறுதான்.

வங்கியில் எனக்குக் கொடுத்த சம்பளமில்லாத விடுப்பு மார்ச் 31 வரைக்கும்தான். ஏப்ரல் ஒன்றாம் தேதி என் நாற்காலியில் நான் இல்லையென்றால் வேறொருவர் இருப்பார். எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது. இப்போது நடக்காவிட்டால் இனி எப்போதும் நடக்காது, அது எனக்குத் தெரியும். உன் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல். இதைக் கேட்க எனக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்.

அண்ணன்

ஜனவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ கேட்பது ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த வார்த்தை என் பெயரில் நிற்கும். இங்கே யார் யாரைச் சிபாரிசு செய்தார்கள் என்பதை யாரும் மறப்பதில்லை. எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அரைக்கண். நாள் முழுக்கக் கண்ணைப் பாதி மூடியபடியே உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்து அவர் எதிரில் உளறி மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

போனில் நான் சொல்ல வந்ததை முடிக்க விடாமல் வைத்துவிட்டாய். உனக்கு அறிவு போதாது என்று நான் சொல்லவில்லை. பாண்டு என்கிற கடன்பத்திரம் என்றால் என்ன, வட்டி ஏறினால் அதன் விலை ஏன் இறங்கும் என்பதையெல்லாம் உன் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். என் பயம் வேறு. சின்ன வயதில் செஸ் ஆடும்போது தோற்கப் போகிறாய் என்று தெரிந்தால், ‘சாப்ட்டு வந்து ஆடலாம்’ என்று எழுந்துவிடுவாய். திரும்பி வந்ததே இல்லை. உன் கணக்குப்படி அந்த ஆட்டங்கள் எல்லாம் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன.

கோபப்படாதே. கோபப்பட்டாலும் இதைச் செய். பணம் போடாமல், தாளிலேயே பந்தயம் கட்டிப் பார்க்கிறேன் என்று மூன்று வருடமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறாயே, அதை நகலெடுத்து எனக்கு அனுப்பு. அதைப் படித்த பிறகு சொல்கிறேன்.

தங்கை

ஜனவரி 30

வாலு,

செஸ் கதையை இத்தனை வருடம் மனதில் வைத்திருந்ததற்கு நன்றி.

நோட்டின் நகல் இத்துடன் இருக்கிறது. நான் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. காலையில் நூலகம் திறக்கும்போதே போய்விடுகிறேன். மாடியில், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் பக்கத்து மேஜை. பதினொரு நாடுகளின் மத்திய வங்கிகள் வெளியிடும் அறிக்கைகளைப் போன மாதத்து அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல்லை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று கோடு போடுகிறேன். ‘பொறுமையாக’ என்ற ஒரு சொல் காணாமல் போனதற்காக அரைநாள் யோசித்திருக்கிறேன். நூலகப் பெண்மணி என்னை ஏதோ பரீட்சையில் திரும்பத் திரும்பத் தவறும் ஆள் என்று முடிவுகட்டிவிட்டார். அதுவும் சரிதான்.

சாயங்காலம் உன் அண்ணி இண்டர்வியூ எடுக்கிறாள். பள்ளிக்கூட டீச்சர் என்பதால் கையில் சிவப்புப் பேனா. நேற்று நான் பத்து நிமிடம் என் கருத்தை விளக்கிய பிறகு, தப்பாகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். ஏன் தப்பாகாது என்று இன்னும் பத்து நிமிடம் விளக்கினேன். பத்துக்கு நான்கு போட்டாள். நிதி விஷயம் தெரியாதவளிடம் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

நீயாவது நோட்டைப் பார். மொத்தம் அறுபத்திரண்டு பந்தயம். முடிந்தவை நாற்பத்தொன்பது. நாற்பத்தொன்பதும் லாபம். இதைப் பார்த்த பிறகும் உனக்குத் தயக்கம் என்றால் அது தயக்கம் இல்லை, வேறு ஏதோ.

அண்ணன்

பிப்ரவரி 10

அண்ணா,

நாற்பத்தொன்பதும் லாபம் என்று நீ எழுதியதைப் படித்ததும் முதலில் சிரித்தேன். நோட்டைப் புரட்டிய பிறகு சிரிப்பு போய்விட்டது.

மீதிப் பதின்மூன்றுக்கும் எதிரே ‘இன்னும் முடியவில்லை’ என்று எழுதி வைத்திருக்கிறாய். அதில் ஒன்று இரண்டு வருடம் ஏழு மாதம் பழையது. பதின்மூன்றையும் இன்றைய விலைக்கு முடித்தால் உன் லாபத்தில் பாதிக்குமேல் காணாமல் போகிறது. நான் கூட்டிப் பார்த்தேன். நீ ஒருமுறைகூடக் கூட்டியிருக்க மாட்டாய். உன்னை நான்கு இடத்திலும் எதற்காக வேண்டாம் என்றார்கள் என்று உனக்கு இன்னுமா புரியவில்லை? வயதும் இல்லை, வங்கியும் இல்லை. அண்ணி ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார்கள், நீ மார்க் குறைந்ததற்கு அவர்களைக் குறை சொல்கிறாய்.

இங்கே எந்த யோசனையாக இருந்தாலும் ஒரே பக்கத்தில் எழுதுவோம். என்ன நடக்கப் போகிறது, மற்றவர்களுக்கு அது ஏன் தெரியவில்லை, எதை வாங்கி எதை விற்க வேண்டும், எந்த விலை வந்தால் நான் தப்பு, பந்தயத்தை விட்டு வெளியே வர வேண்டும். அரைக்கண் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பார். அங்கே எண் இல்லாமல் ‘மறுபரிசீலனை செய்யப்படும்’ என்று பூசி மெழுகியிருந்தால் அப்படியே குப்பைக்கூடைக்குப் போகும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில், இன்னும் பந்தயம் கட்டாமல் யோசனையாக மட்டும் எழுதியிருக்கிறாயே, செம்பு விற்றுப் பிழைக்கும் அந்த நாட்டின் நாணயம் விழும் என்று, அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. எனக்குத் தோன்றவில்லையே என்று எரிச்சலாக இருந்தது. அதை ஒரே பக்கத்தில் எழுது. கடைசி வரியில் ஒரு எண்ணைப் போடு. நான் அவர் மேஜையில் வைக்கிறேன்.

தங்கை

மார்ச் 6

வாலு,

உனக்கு இதற்குள் எல்லாம் தெரிந்திருக்கும். ஆனால் என் வாயால் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

ஒரு டாலருக்குப் பதினேழு இருபது என்று இருந்த நாணயம், விழுந்து விழுந்து பதினெட்டு ஐம்பதுக்குப் போகும் என்று எழுதினேன். அந்த நாட்டில் கடைகளில் வாங்க ஆள் இல்லை, அரசாங்கத்துக்குத் தேர்தல் பயம், வட்டியைக் குறைத்தே ஆக வேண்டும். கடைசி வரியில், ‘பதினாறு எண்பது வந்தால் நான் தப்பு’ என்று போட்டேன். அந்த எண்ணை எப்படிப் போட்டேன் தெரியுமா? உன் வாயை அடைக்கப் போட்டேன். வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அதைப் படித்துவிட்டுத்தான் அரைக்கண் என்னைக் கூப்பிட்டார். உங்கள் ஆபீஸ் வாசலில் என் போனையும் லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். காத்திருக்கும் அறையில் ஐம்பது நிமிடம் உட்கார வைத்தார்கள். கண்ணாடிச் சுவர், ஒரு தண்ணீர் ஜாடி, நிமிர விடாத சோபா. அந்தச் சோபாவில் உட்கார்ந்தவன் கம்பீரமாக எழுந்து நிற்கவே முடியாது. உள்ளே போனதும் இரண்டு பேர் கேட்டார்கள். நன்றாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. ஒருவர் குறிப்பெடுத்தார். அரைக்கண் கண்ணை மூடியபடி இருந்தார்.

பிறகு கண்ணைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினார். நான் அந்தச் சோபாவில் புதைந்திருந்த ஐம்பது நிமிடத்தில், யாரும் எதிர்பாராமல் அந்த நாட்டு மத்திய வங்கி வட்டியை ஏற்றியிருக்கிறது, நாணயம் விழுவதற்குப் பதில் வலுத்திருக்கிறது.

‘உங்க பேப்பர்ல பதினாறு எண்பதுன்னு இருக்கு. இப்ப பதினாறு எழுபத்து நாலு. வெளியே வந்துட்டீங்களா?’

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று எழுத்து. என்னால் முடியவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவர்கள் பயந்துபோய் வட்டியை ஏற்றியதே என் கருத்துக்குச் சாட்சி என்றேன். இது தற்காலிகம் என்றேன். என் நம்பிக்கை முன்பைவிடக் கூடியிருக்கிறது என்றேன். இருபது நிமிடம் பேசினேன். பேசும்போதே எனக்குத் தெரிகிறது, என் குரல் என் காதுக்கே கேட்கிறது, நிறுத்த முடியவில்லை. அவர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

விமான நிலையத்துக்குப் போய்ச் சேருவதற்குள் ‘வருந்துகிறோம்’ வந்துவிட்டது. ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. வந்த ஆளின் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவனுக்குத் தெரியாத விலையைக் காட்டி மடக்குவது பரீட்சையா, பொறியா? நீ அங்கே இருக்கிறாய், நீயே சொல்.

அண்ணன்

மார்ச் 14

அண்ணா,

எட்டு நாளாக இதை எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

அன்று காலை, நீ வருவதற்கு முன்னால், அரைக்கண் என் மேஜைக்கு வந்தார். ‘உங்க அண்ணன் தப்புன்னு தெரிஞ்சா வெளியே வருவாரா?’ என்று கேட்டார்.

நான், ‘வரமாட்டார்’ என்றேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது நான் சொன்னது சரியா என்று பார்க்கத்தான். வட்டி ஏறியது யாருடைய ஏற்பாடும் இல்லை. ஆனால் அந்த விலை வராமல் இருந்திருந்தாலும் வேறு ஏதாவது ஒரு வழியில் அதையே கேட்டிருப்பார். அதற்கு எடுத்துக் கொடுத்தது நான்.

எனக்குத் தெரியாது என்று மழுப்பியிருக்கலாம். நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றிருக்கலாம். நான் சொன்னது உண்மை என்பதால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்சமும் இல்லை. கண்ணாடி வழியாக நீ லிஃப்டுக்கு நடந்து போவதைப் பார்த்தேன். எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை.

தங்கை

மார்ச் 22

உன் கடிதம் கிடைத்தது.

நாலு இடத்தில் என்னைத் தெரியாதவர்கள் தள்ளிவிட்டார்கள். ஐந்தாவது இடத்தில் தெரிந்தவள் தள்ளிவிட்டாய். உண்மையைச் சொன்னாயாம். என்னைப் பற்றிய உண்மையைச் சொல்ல உலகத்தில் உனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த மேஜைதானா? அன்றைக்கு முந்தின வாரம், என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான் டிக்கெட்டே எடுத்திருக்க மாட்டேன்.

நேற்று அந்தப் பதின்மூன்றையும் முடித்தேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே நஷ்டத்தை எழுதினேன். செம்பு நாட்டையும் சேர்த்துப் பதினான்கு. முழு நோட்டையும் உன் அரைக்கண்ணுக்கு நேராகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். வேலைக்காக இல்லை. நீ சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி பழைய நாற்காலிக்குப் போகிறேன். இனி எனக்கு எழுதாதே.

மே 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுதாதே என்றாய். இரண்டு மாதம் எழுதவில்லை. இதை நீ கிழித்துப் போடலாம், ஆனால் வேறு யார் மூலமாகவோ உனக்குத் தெரிவதை நான் விரும்பவில்லை.

என்னை அனுப்பிவிட்டார்கள்.

உன்னைத் திருப்பி அனுப்பிய மறுநாள், உன் பந்தயத்தை நான் கட்டினேன். அந்த இருபது நிமிடம் நீ பேசியதைக் குறிப்பெடுத்தவர் என் பக்கத்து மேஜைக்காரர். அவரிடம் வாங்கிப் படித்தேன். நீ சொன்னது சரி என்று தோன்றியது. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பதினைந்து வயதில் எப்படித் தோன்றுமோ அப்படியே தோன்றியது. பதினாறு எழுபதில் உள்ளே போனேன். பதினாறு நாற்பது வந்தால் தப்பு என்று எழுதிவைத்தேன். வந்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று பதினாறு பத்துக்கு மாற்றினேன். அதுவும் வந்தது. பதினைந்து தொண்ணூறு என்று மாற்றினேன்.

உன்னை வேண்டாம் என்று சொன்னேன், உன் யோசனையை எடுத்துக்கொண்டேன். நீ வெளியே வரமாட்டாய் என்று சொன்ன அதே வாயால், ஒவ்வொரு காலைக் கூட்டத்திலும் இது தற்காலிகம் என்றேன். நீ அன்று உன் குரலைக் கேட்டுக்கொண்டே நிறுத்த முடியாமல் இருந்தாய் என்று எழுதினாயே, அப்போது எனக்கு உன்மேல் எரிச்சல்தான் வந்தது. இப்போது புரிகிறது.

இங்கே ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நஷ்டம் வரை என்று ஒரு எல்லை உண்டு. அதைத் தொட்டால் பேச்சே இல்லை. பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். பதினொன்று இருபதுக்கு என் கார்டு கதவைத் திறக்கவில்லை. காவலாளிதான் லாக்கரைத் திறந்து என் போனையும், குடையையும், மேஜைக்கு அடியில் வைத்திருந்த செருப்பையும் வெளியே கொண்டுவந்து கொடுத்தார். ஆறு வருடமாகத் தினமும் காலை வணக்கம் சொன்னவர், அன்று என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டே கொடுத்தார்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குறை சொல்ல வேண்டும் போலத்தான் இருக்கிறது, ஆனால் சொல்ல முடியவில்லை.

தங்கை

ஜூன் 8

வாலு,

கிழிக்கவில்லை. மூன்று முறை படித்தேன். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், அண்ணியும் அதட்டினாள், ஆனால் ஆறுதல் சொல்ல எனக்கு வரவில்லை. கோபம் இன்னும் மிச்சம் இருந்தது. நன்றாக வேண்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதையும் மறைக்கப் போவதில்லை.

அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

வியாழக்கிழமை வங்கியில் ஒரு இறக்குமதிக்காரருக்கு டாலர் விலை சொல்லிக்கொண்டிருந்தேன். அரைக்கண் கூப்பிட்டார். நேராக விஷயத்துக்கு வந்தார்.

‘உங்க பதினாலு நஷ்டத்தையும் படிச்சேன். பேனாவை அழுத்தி எழுதியிருக்கீங்க, தாள் கிழிஞ்சிருக்கு. இங்க ஒரு இடம் காலியா இருக்கு. வரீங்களா?’

யாருடைய இடம் என்று கேட்டேன். உங்களுக்கே தெரியும் என்றார்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன், வாலு. உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. யோசிக்க ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. நாற்பத்தொரு வயதில் எனக்கு வந்த ஒரே ‘வாங்க’ அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னதும் அண்ணி பேப்பர் திருத்துவதை நிறுத்திவிட்டு, ‘அது அவ இடம் இல்லையா?’ என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

என் கோபத்துக்கும் உன் நோட்டுப் பாடத்துக்கும் நடுவில்தான் எனக்கு இந்த வேலை வந்தது. நீ ‘வரமாட்டார்’ என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் அந்தப் பதினான்கையும் எழுதியிருக்கவே மாட்டேன். உன்னை வெளியே தள்ளியதும் என்னுடைய அந்தச் செம்பு நாட்டு யோசனைதான். இதையெல்லாம் எந்தப் பக்கத்தில் எழுதிக் கூட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூலை முதல் தேதிதான் சேர வேண்டும். இருபதாம் தேதிக்குள் வங்கியில் ராஜினாமா கொடுக்க வேண்டும். நீ வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் போகமாட்டேன். இதை மனதாரச் சொல்கிறேனா என்று நூறு முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். பாதி மனதாரத்தான் சொல்கிறேன். ஆனாலும் எழுது, கட்டுப்படுகிறேன்.

அண்ணன்

ஜூன் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

போ.

முதலில் மனமார வாழ்த்துகிறேன் என்று ஒரு கடிதம் எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. இரண்டாவதாக, போகாதே என்று எழுதினேன். அது நன்றாக இருந்தது, மடித்து உறையில்கூடப் போட்டேன். தபால்பெட்டி வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். நீ கட்டுப்படுவாய் என்று தெரியும். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அந்த வங்கி நாற்காலியில் உட்கார்ந்து நீ இறக்குமதிக்காரர்களுக்கு விலை சொல்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எனக்குப் பொறாமை. வயிறு எரிகிறது. நீ என்னிடம் கேட்ட ஒரு வார்த்தையைச் சொல்ல அவ்வளவு யோசித்தேன், கடைசியில் என் இடமே உனக்குப் போகிறது.

தெரிந்துகொள். நாற்காலி இடது பக்கம் சாயும், மாற்றித் தரச் சொன்னால் தரமாட்டார்கள். நஷ்ட எல்லையைக் கண்காணிக்கும் பெண்மணி தினமும் நாலு மணிக்குக் கூப்பிடுவார், முதல் மணியிலேயே எடு, இரண்டாவது மணிக்கு விட்டால் எதையோ மறைக்கிறாய் என்று நினைப்பார். அரைக்கண் உன் பின்னால் வந்து சும்மா நின்றால் எதுவும் பேசாதே, அவர் கேள்வி கேட்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர் நல்லவர். என்னைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் மட்டும் எழுந்து போய்விடு.

வியாழக்கிழமை எனக்கும் ஒரு இண்டர்வியூ இருக்கிறது. பழைய இடத்தை விட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்பார்கள். என்ன சொல்வது என்று ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். எதுவும் நன்றாக இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆறு மாதம் எனக்கு எழுதாதே. அங்கே நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்று எழுதினால் என்னால் தாங்க முடியாது. கஷ்டப்படுகிறேன் என்று எழுதினால், அதைப் படித்து நான் சந்தோஷப்பட்டுவிடுவேனோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.

தங்கை